புலமையைப் பொதுவாக்கிய பேருரை

சேக்கிழார் பெருமானின் திருத்தொண்டர் புராணம் கோயில்களிலும் மடங்களிலும் ஓதப்பெற்று வந்ததாயினும், அதனைப் பொருளுணர்ந்து கற்றோர் சிலரே. யாழ்ப்பாணத்து ஆறுமுக நாவலர் 1852-இல் அதனை உரைநடையில் வெளியிட்டு, அடியார் வரலாறுகளை எளியோர்க்கும் எட்டச் செய்தார். எனினும் பாடலின் நுட்பமும் அதுபற்றிய ஆராய்ச்சியும் கற்றோர் உடைமையாகவே நின்றன.

அவ்வுடைமையைப் பொதுவாக்கிய பெருமை கோவைக்கு உரியது. சிவக்கவிமணி சி. கே. சுப்பிரமணிய முதலியார் (1878–1961) புராணம் முழுமைக்கும் வரைந்த பேருரை ஏழு பகுதிகளாகக் கோவைத் தமிழ்ச் சங்கத்தின் வாயிலாக வெளிவந்தது.

அவர் பல்கலைக்கழகப் பேராசிரியர் அல்லர், வழக்கறிஞர். 1954-இல் கொங்குநாட்டு வரலாற்றை நூலாகத் தந்த கோவைகிழார் இராமச்சந்திரன் செட்டியாரும் வழக்கறிஞரே. கோவையில் பாரதியார் பல்கலைக்கழகம் 1982-இல்தான் தோன்றியது. அதற்கு முன்பே, வேறு தொழில் புரிந்தோர் இந்நகரில் ஆராய்ச்சியை வளர்த்தனர் என்பது கருதத்தக்கது.

பலரைச் சென்றடைய வேண்டுமெனில் ஆராய்ச்சியைக் குறைத்துக்கொள்ள வேண்டும் என்பது பொதுவான எண்ணம். சிவக்கவிமணி அதனைக் குறைக்கவில்லை, அடுக்கி வைத்தார். பாடலின் பொருள் முதலில் நிற்கும்; சொல்நயமும் பொருள்நயமும் ஆயும் விளக்கவுரை அதனைத் தொடரும். சரிதத்தின் இறுதியில், அதனின்று கொள்ளத்தக்க படிப்பினைகள் ‘கற்பனை’ என்னும் தலைப்பிலும், அடியார் வாழ்ந்த ஊர்ச் செய்திகள் ‘தலவிசேடம்’ என்னும் தலைப்பிலும் அமையும். புலவரும் இல்லறத்தாரும் தலயாத்திரை செல்வோரும் ஒரே நூலில் தத்தமக்கு வேண்டியதைப் பெற்றனர்.

கொங்குநாட்டார்க்கு இதில் தனி உறவும் உண்டு. சுந்தரர் முதலையுண்ட பாலனை மீட்ட அவிநாசியும், அவர் பொன்னைப் பறிகொடுத்து மீளப்பெற்ற திருமுருகன்பூண்டியும், சம்பந்தர் அடியார்களின் குளிர்சுரம் தீர்த்த திருச்செங்கோடும் சேக்கிழார் காட்டும் தலங்கள். நாள்தோறும் கடந்து செல்லும் ஊர்களைக் காப்பியத்துள் காணும் வாசகனுக்கு அந்நூல் அயலானதன்று.

ஆயினும் காலம் மாறிவிட்டது. அன்று வாயில் திறந்த அவ்வுரைநடை, இன்றைய இளைஞர் பலர்க்குத் தானே மற்றோர் உரையை வேண்டி நிற்கிறது. இது பேருரையின் குறையன்று. பொதுவாக்கும் பணி ஒரு தலைமுறையோடு முடிவதில்லை என்பதே இதன் பொருள். ஆய்வேடுகள் நூலக அடுக்குகளில் உறங்கும் இந்நாளில், அவற்றின் பயனை ஊர்மன்றத்துக்குக் கொணர்வது இலக்கிய வட்டங்களின் கடமையாகும். சுருக்கிச் சொல்வது எளிது. நுட்பம் குன்றாமல் விரித்துச் சொல்வதே சிவக்கவிமணி காட்டிய வழி.