பெட்ரோல் கலவையை வீட்டிலேயே சோதித்த வரலாறு

கார்புரேட்டர் காலத்தில் காரின் பெட்ரோல் கலவையைச் சோதிக்கப் பெரிய கருவி எதுவும் தேவைப்படவில்லை. ஸ்பார்க் பிளக்கைக் கழற்றிப் பார்த்தாலே பாதி விஷயம் தெரிந்துவிடும். கரி அப்பியிருந்தால் பெட்ரோல் அதிகம். வெளுத்திருந்தால் காற்று அதிகம். இளம்பழுப்பு என்றால் கலவை சரி. பிறகு ஐட்லிங் திருகாணியைத் திருப்புளியால் சிறிது சிறிதாகத் திருப்பி, இன்ஜின் சீராக ஓடும் இடத்தில் நிறுத்துவார்கள்.

இந்த வழக்கத்துக்கு முடிவு கட்டியது லாஸ் ஏஞ்சல்ஸின் புகைமூட்டம். வாகனங்களும் எண்ணெய் ஆலைகளும் வெளிவிடும் வாயுக்கள் வெயிலில் வினைபுரிவதால்தான் அது உண்டாகிறது என்பதை 1950களின் தொடக்கத்தில் வேதியியலாளர் ஆரி ஹாகன்-ஸ்மிட் நிறுவினார். 1970இல் அமெரிக்காவின் தூய காற்றுச் சட்டம் கடுமையாக்கப்பட்டது. அடுத்த சில ஆண்டுகளில் வந்த மூவழி கேட்டலிடிக் கன்வெர்ட்டர் நன்கு வேலை செய்ய, எடையில் ஒரு பங்கு பெட்ரோலுக்கு 14.7 பங்கு காற்று என்ற விகிதம் பிசகக் கூடாது. அந்தத் துல்லியம் காதுக்கும் கைக்கும் எட்டாதது. அதனால் புகைக்குழாயில் ஆக்சிஜன் சென்சார் ஏறியது. 1977 மாடல் வோல்வோ கார்களில் கலிபோர்னியா அதை முதலில் கண்டது. கலவைத் திருகாணியோ உலோக மூடிக்குள் அடைபட்டது.

ஆனாலும் வீட்டில் சோதிப்பவர்கள் ஓயவில்லை. ஜெனரல் மோட்டார்ஸ் 1981 மாடல்களில் கொண்டுவந்த கம்ப்யூட்டர் கார்புரேட்டரில், பெட்ரோலைக் கட்டுப்படுத்தும் சொலினாய்டு நொடிக்கு 10 முறை துடிக்கும். பழைய பிளாட்டினம் பாயின்ட்டைச் சரிபார்க்க வாங்கிய டுவெல் மீட்டரே இதற்கும் உதவியது. எத்தனை சிலிண்டர் இன்ஜினாக இருந்தாலும் மீட்டரை 6 சிலிண்டர் அளவில் வைக்க வேண்டும். முள் 30 டிகிரியை ஒட்டி ஆடிக்கொண்டிருந்தால் நலம். 50 பக்கம் போய் நின்றால், பெட்ரோல் மிகுந்துவிட்டதால் கம்ப்யூட்டர் அதைக் குறைக்கப் போராடுகிறது. 10 பக்கம் நின்றால், எங்கோ காற்று கசிகிறதா என்று தேட வேண்டும். டேஷ்போர்டுக்கு அடியிலுள்ள இணைப்பியில் இரண்டு முனைகளை ஒரு பேப்பர் கிளிப்பால் இணைத்தால் ‘செக் இன்ஜின்’ விளக்கு கண்சிமிட்டும்: நான்கு முறை, ஓர் இடைவெளி, மீண்டும் நான்கு முறை. அதுவே 44ஆம் எண், பெட்ரோல் போதவில்லை என்ற செய்தி. ஒரு கம்பித் துண்டு இவ்வளவு சொன்னது பெரிய விஷயம்தான்.

குறை என்னவென்றால், ஒவ்வொரு நிறுவனத்துக்கும் தனி இணைப்பி, தனி எண்கள். திருகாணியை மூடவைத்த அதே மாசுக் கட்டுப்பாட்டு விதிகள்தான் இதையும் தீர்த்தன. 1996 மாடல் முதல் அமெரிக்காவில் விற்கும் எல்லா கார்களிலும் ஓபிடி-2 கட்டாயமானது: ஒரே வடிவ 16 முனை இணைப்பி, பொதுவான எண்கள். பின்னாளில் கனடாவின் எல்ம் எலக்ட்ரானிக்ஸ் உருவாக்கிய சிப்பை ஒட்டி மலிவான அடாப்டர்கள் பெருகின, செல்போனே மீட்டராயிற்று.

இன்று வீட்டில் முதலில் பார்ப்பது ‘ஃபியூயல் ட்ரிம்’. கம்ப்யூட்டர் பெட்ரோலை எத்தனை சதவீதம் கூட்டியோ குறைத்தோ செலுத்துகிறது என்பதை அது காட்டும். ஐட்லிங்கில் கூட்டல் 20 இருந்து, 2500 சுற்றில் சுழிக்கு அருகே இறங்கினால், பெரும்பாலும் இன்டேக் பக்கம் காற்றுக் கசிவு. வேகம் கூடக்கூட அந்த எண்ணும் ஏறினால், பெட்ரோல் பம்ப், ஃபில்டர், காற்றளவு சென்சார் ஆகியவற்றைச் சோதிக்க வேண்டும்.