நாகூர் முதல் மலாக்கா வரை

நவீன மலாய் இலக்கியத்தின் தந்தை எனப் போற்றப்படும் முன்ஷி அப்துல்லாஹ் (1796–1854) நமக்கு அந்நியர் அல்லர். அவருடைய பாட்டனாரின் தந்தை எமன் நாட்டிலிருந்து நாகூர் வந்து மணமுடித்த அரபியர். பாட்டனாரோ மலாக்காவுக்குக் கப்பலேறி, பெரியாச்சி என்னும் தமிழ்ப் பெயருடைய மங்கையை மணந்தார். பேரர் அப்துல்லாஹ் மலாக்காவில் பிறந்து, தம் வரலாற்றை மலாயில் எழுதி 1849இல் அச்சேற்றினார். அவருடைய மைந்தர் இப்ராஹீம் முன்ஷி ஜொகூர் அரசில் பணியாற்றி, தம் பயண நூலையும் மலாயிலேயே எழுதினார். அரபிலிருந்து தமிழுக்கும், தமிழிலிருந்து மலாய்க்குமாக ஒரே குடும்பம் இருமுறை மொழி மாறியது.

அக்காலத்து மலாக்காவில் வசதியுள்ள குடும்பங்கள் தம் பிள்ளைகளை ஆசிரியரிடம் அனுப்பித் தமிழ் கற்பித்தன என்று அப்துல்லாஹ் தம் வரலாற்றில் எழுதுகிறார். அவரும் கற்றார். அதற்கு அவர் கூறும் காரணம் கணக்கும் வணிகமும் ஆகும். கருத்தூன்றிப் பார்க்க வேண்டிய இடம் இதுவே. கணக்கேட்டுக்காகக் காக்கப்படும் மொழி, கணக்கேடு வேறு மொழிக்கு மாறும் நாள் வரையில்தான் வாழும். கடைவீதியும் விளையாட்டுத் திடலும் மலாயில் பேசின. பின்னாளில் அலுவலகம் ஆங்கிலத்தில் எழுதியது. தமிழுக்கென்று தனி வேலை எஞ்சவில்லை.

எனினும் இதனை வெறும் இழப்பென்று சொல்லிவிட முடியாது. இந்திய முஸ்லிம் தந்தையர்க்கும் மலாய்த் தாய்மார்க்கும் பிறந்த வழியினரே ஜாவி பெரானாக்கான் எனப்பட்டனர். 1876இல் சிங்கப்பூரில் அவர்கள் தொடங்கிய, அப்பெயரையே தாங்கிய ஏடுதான் மலாய் மொழியின் முதற் செய்தித்தாள். கடை, கப்பல், பெட்டி, முதல் ஆகிய நம் சொற்கள் கெடாய், காப்பால், பெத்தி, மோடால் என மலாயில் இன்றும் வழங்குகின்றன. பேசியவர் வழியில் மறைந்த மொழி, அயலார் நாவில் சொற்களாகத் தங்கிவிட்டது.

அதே சிங்கப்பூரில் 1887இல் சி. கு. மகுதூம் சாயபு ‘சிங்கை நேசன்’ என்னும் தமிழ் ஏட்டைத் தொடங்கினார். அங்குள்ள ஜாமிஆ சூலியா பள்ளிவாசலில் மார்க்க விளக்கம் இன்றும் தமிழில் நடைபெறுகிறது. ஏடு படிக்கவும் மார்க்கம் கேட்கவும் தமிழ் தேவைப்பட்ட இடங்களில் அது நின்றது. வணிகம் ஒன்றையே நம்பிய வீடுகளில் நிற்கவில்லை.

இன்று வளைகுடாவிலும் இங்கிலாந்திலும் வளரும் நம் பிள்ளைகள் தமிழ் பேசத் தயங்குகிறார்கள் என்று பெற்றோர் வருந்துகின்றனர். பிள்ளைகள் மீது குற்றமில்லை. அவர்கள் தேவையுள்ள மொழியைப் பேசுகிறார்கள். வீட்டில் தமிழ் எதற்காகத் தேவைப்படுகிறது என்பதே பெற்றோர் தம்மைக் கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வி. கண்டிக்கவும் சாப்பிட அழைக்கவும் மட்டும் பயன்படும் தமிழ், மலாக்காவின் கணக்குத் தமிழைவிட நெடுநாள் வாழாது. கதை சொல்லவும், ஐயம் தீர்க்கவும், மார்க்கம் பேசவும், மனம் விட்டுச் சிரிக்கவும் அது பயன்படுமானால், அப்பிள்ளைகள் அதனைத் தம் பிள்ளைகளுக்கும் கொடுப்பார்கள்.