வளைகுடாவில் வரியும் ஊக்குவிப்பும்: கடை ஊழியருக்கு எஞ்சுவது என்ன?

சம்பளத்தில் வருமான வரிப் பிடித்தம் இல்லை என்பது, தமிழ்நாட்டிலிருந்தும் இலங்கையிலிருந்தும் ஆயிரக்கணக்கானோர் வளைகுடா நாடுகளுக்கு வேலை தேடிச் சென்றதற்கான காரணங்களில் ஒன்று. அந்த நிலை இன்றும் மாறவில்லை. ஓமன் மட்டும் 2028ஆம் ஆண்டு ஜனவரி முதல் தனிநபர் வருமான வரியைக் கொண்டுவர 2025 ஜூனில் சட்டம் இயற்றியுள்ளது. ஆண்டுக்கு 42,000 ஓமன் ரியாலுக்கு மேல் ஈட்டுவோருக்கே அது பொருந்தும் என்பதால், கடை ஊழியர் எவரும் அதன் வரம்புக்குள் வரப்போவதில்லை.

ஆனால் வரி வேறு வழியாக வந்து சேர்ந்துவிட்டது. 2014ஆம் ஆண்டின் நடுப்பகுதியில் பீப்பாய் ஒன்று 100 டாலருக்கு மேல் விற்ற கச்சா எண்ணெய், 2016இன் தொடக்கத்தில் 30 டாலருக்கும் கீழே இறங்கியது. எண்ணெய் வருவாயை மட்டும் நம்பியிருக்க இயலாது என்ற முடிவுக்கு வந்த வளைகுடா ஒத்துழைப்புக் கவுன்சிலின் ஆறு நாடுகளும், 5 சதவீத மதிப்புக் கூட்டு வரி, அதாவது வாட் வரி விதிக்க உடன்பட்டன. ஐக்கிய அரபு எமிரேட்டுகளும் சவூதி அரேபியாவும் 2018ஆம் ஆண்டு ஜனவரி முதலாம் தேதி அதை நடைமுறைப்படுத்தின. பஹ்ரைன் 2019 ஜனவரியிலும், ஓமன் 2021 ஏப்ரலிலும் இணைந்தன. கத்தாரும் குவைத்தும் 2025ஆம் ஆண்டு முடியும் வரை அந்த வரியை விதிக்கவில்லை.

சிறு கடைகளின் கணக்கு

எமிரேட்டுகளில் ஆண்டு விற்பனை 3,75,000 திர்ஹத்தைத் தாண்டும் நிறுவனங்கள் வரிக்குப் பதிவு செய்துகொள்ள வேண்டும். இந்த எல்லை பெரிதாகத் தோன்றினாலும், நாளொன்றுக்குச் சராசரியாக ஆயிரம் திர்ஹத்துக்குச் சற்று மேல் விற்றாலே எட்டிவிடக்கூடியது. துபாயின் கராமாவிலோ ஷார்ஜாவின் ரோலாவிலோ உள்ள ஒரு பக்காலா, அதாவது மூலைக்கு மூலை காணப்படும் மளிகைக் கடை, இதைத் தாண்டுவது அரிதல்ல. அதுவரை நோட்டுப் புத்தகத்தில் கடன் எழுதி வியாபாரம் செய்துவந்த கடைகள், கணினி ரசீதுக்கும் கணக்காளருக்கும் மாறவேண்டியதாயிற்று.

எல்லைக்குக் கீழே இருக்கும் கடைக்கும் நிம்மதி இல்லை. மொத்த வியாபாரியிடம் சரக்கு எடுக்கும்போது அது வரி செலுத்துகிறது. ஆனால் பதிவு பெறாததால் அதைத் திரும்பக் கோர முடியாது. குடியிருப்பு வாடகைக்கு வரிவிலக்கு உண்டு, கடை வாடகைக்கு இல்லை. அரிசி, பருப்பு போன்ற அடிப்படை உணவுப் பொருட்களுக்கும் எமிரேட்டுகள் விலக்கு அளிக்கவில்லை. பஹ்ரைன் அவ்வாறான பொருட்களுக்குப் பட்டியல் போட்டு வரியை நீக்கியது. ஊருக்குப் பணம் அனுப்பும்போது அனுப்பும் தொகைக்கு வரி கிடையாது என்றாலும், பணப்பரிமாற்ற நிலையம் வாங்கும் கட்டணத்துக்கு 5 சதவீதம் உண்டு. தொகை சிறியதுதான்.

தங்க வணிகம் பட்ட பாடு வேறு விதமானது. 2017இன் தொடக்கத்தில் நகை இறக்குமதிக்கு 5 சதவீதத் தீர்வை வந்தது. மறு ஆண்டே செய்கூலிக்கு மட்டுமன்றி நகையின் முழு மதிப்புக்கும் வாட் வந்தது. மொத்த வியாபாரிகள் ஒவ்வொரு பரிமாற்றத்திலும் வரியை முதலில் கட்டிவிட்டுப் பின்னர் மீட்க வேண்டியிருந்ததால், முதல் முடங்கியது. துபாய் டெய்ராவின் தங்கச் சந்தையில் விற்பனை சரிந்ததையடுத்து, 2018 மே மாதத்தில் பதிவுபெற்ற வியாபாரிகளுக்கு இடையிலான பரிமாற்றத்தில் பணமாக வரி கட்டும் தேவையை அமைச்சரவை நீக்கியது. அதே ஆண்டு நவம்பரில் சுற்றுலாப் பயணிகளுக்கு வாட் வரியைத் திருப்பித் தரும் திட்டம் தொடங்கியது. ஐந்தே மாதங்களில் அரசு இறங்கி வந்தது, வணிகர்களின் குரலுக்கு அங்கு இருக்கும் வலுவைக் காட்டுகிறது. தங்கையின் திருமணத்துக்கு நகை வாங்கும் ஊழியரோ குடியிருப்பு விசாவில் இருப்பவர் என்பதால், அவருக்கு அந்த வரி திரும்பக் கிடைப்பதில்லை. இந்தியா 2024 ஜூலையில் தங்கத்தின் மீதான இறக்குமதி வரியை 15 சதவீதத்திலிருந்து 6 சதவீதமாகக் குறைத்தபோது, துபாயில் வாங்குவதில் இருந்த லாபமும் சுருங்கிற்று.

சவூதி: மூன்று முனைகளில்

சவூதி அரேபியாவில் சுமை இன்னும் கடுமையானது. வெளிநாட்டுத் தொழிலாளரின் குடும்பத்தினர் ஒவ்வொருவருக்கும் மாதம் 100 ரியால் என 2017 ஜூலையில் தொடங்கிய கட்டணம், ஆண்டுதோறும் உயர்ந்து 2020இல் 400 ரியாலானது. மனைவியும் இரு குழந்தைகளும் உடனிருக்கும் ஒருவருக்கு, ஆண்டுக்கு 3,600 ரியாலாக இருந்த செலவு 14,400 ரியாலானது. பலர் குடும்பத்தை ஊருக்கு அனுப்பிவிட்டுத் தனியாகத் தங்கியதில் வியப்பில்லை. குடும்பங்கள் போனபோது, அவர்களை நம்பியிருந்த கடைகளின் வாடிக்கையும் போனது.

கடைக்காரர் மீதும் கட்டணம் ஏறியது. சவூதி நாட்டவரைவிட வெளிநாட்டவர் அதிகமுள்ள நிறுவனங்கள், தலைக்கு மாதம் 400 ரியால் என 2018இல் செலுத்தியது 2020இல் 800 ஆயிற்று. தொழிற்சாலைகளுக்கு 2019 அக்டோபரில் இந்தக் கட்டணத்திலிருந்து விலக்கு கிடைத்தது. சில்லறை வணிகத்துக்கு அத்தகைய பொது விலக்கு வரவில்லை. இதனிடையே 2018 செப்டம்பர் முதல், துணி, மின்னணுப் பொருள், கண்ணாடி, இனிப்பு உள்ளிட்ட பன்னிரண்டு வகைக் கடைகளில் 70 சதவீதப் பணியிடங்கள் சவூதி நாட்டவருக்கு எனப் படிப்படியாக ஒதுக்கப்பட்டன. தன் குடிமக்களுக்கு வேலை தேடித் தருவது எந்த அரசுக்கும் உள்ள உரிமை. ஆயினும் கட்டணமும் ஒதுக்கீடும் வரியும் ஒரே ஆண்டில் வந்தது, சிறு கடைகளால் தாங்கக்கூடியதாக இருக்கவில்லை.

பெருந்தொற்றின்போது உதவி யாருக்கு?

கொரோனா பரவிய 2020 மார்ச்சில், எமிரேட்டுகளின் மத்திய வங்கி 10,000 கோடி திர்ஹம் மதிப்பிலான ஆதரவுத் திட்டத்தை அறிவித்தது. வங்கிகளுக்கு வட்டியில்லாமல் நிதி தந்து, அவை நிறுவனங்களின் கடன் தவணைகளைத் தள்ளிவைப்பதே அதன் வழிமுறை. துபாய் அரசும் 150 கோடி திர்ஹம் மதிப்பில் கட்டணச் சலுகைகளையும், குடிநீர், மின்சாரக் கட்டணத்தில் 10 சதவீதக் குறைப்பையும் அளித்தது. வங்கிக் கடன் உள்ள பெரிய அங்காடிகளுக்கு இது பயன்பட்டது. கைமாற்றிலும் சரக்குக் கடனிலும் ஓடும் பக்காலாவுக்குத் தள்ளிவைக்கத் தவணையே கிடையாது.

அதே மாதத்தில் வெளியான மனிதவள அமைச்சின் 279ஆம் இலக்கத் தீர்மானம், வெளிநாட்டு ஊழியர்களுக்கு ஊதியமில்லா விடுப்பு அளிக்கவும், சம்பளத்தைக் குறைக்கவும் நிறுவனங்களுக்கு வழி செய்தது. ஊழியரின் ஒப்புதல் தேவை என்று அது கூறியது. உபரியாகக் கருதப்படுவோருக்கு அவர்கள் நாட்டை விட்டுச் செல்லும் வரை தங்குமிடம் தரவேண்டும் என்றும் கூறியது. ஆனால் வேலை போனால் விசாவும் போகும் என்ற நிலையில் உள்ள ஒருவர், நீட்டப்பட்ட தாளில் கையெழுத்திட மறுப்பது எளிதல்ல. சவூதி அரசு தனியார் துறை ஊழியரின் சம்பளத்தில் 60 சதவீதத்தை மூன்று மாதங்களுக்கு ஏற்க 900 கோடி ரியால் ஒதுக்கியது. அது சவூதி குடிமக்களுக்கு மட்டுமே. அடுத்து 2020 ஜூலை முதலாம் தேதி அங்கு வாட் வரி 15 சதவீதமாக, மும்மடங்கானது. ஜூன் மாதத்தில் கடைகளில் கூட்டம் அலைமோதி, ஜூலையில் வெறிச்சோடியது. பஹ்ரைனும் 2022இல் தன் வரியை 10 சதவீதமாக்கியது. எமிரேட்டுகளும் ஓமனும் 5 சதவீதத்தில் நின்றன.

அங்கு 2023 ஜூன் முதல் நிறுவனங்களின் லாபத்துக்கு 9 சதவீத வரி வந்துள்ளது. எனினும் லாபத்தில் முதல் 3,75,000 திர்ஹத்துக்கு வரியில்லை. ஆண்டு வருவாய் 30 லட்சம் திர்ஹத்தைத் தாண்டாத சிறு நிறுவனங்களுக்கு, 2026ஆம் ஆண்டு இறுதிக்குள் முடியும் கணக்காண்டுகள் வரை தனிச் சலுகையும் உண்டு.

ஊழியருக்கென நேரடியாக வந்த ஓர் ஏற்பாடு, 2023 ஜனவரியில் எமிரேட்டுகளில் தொடங்கிய வேலையிழப்புக் காப்பீடு. அடிப்படைச் சம்பளம் 16,000 திர்ஹம் வரை உள்ளவர்கள் மாதம் 5 திர்ஹம் தங்கள் கையிலிருந்து கட்ட வேண்டும். சேரத் தவறினால் 400 திர்ஹம் அபராதம். வேலை போனால் அடிப்படைச் சம்பளத்தில் 60 சதவீதம், அதிகபட்சம் மூன்று மாதங்களுக்குக் கிடைக்கும். இங்கே அடிப்படைச் சம்பளம் என்ற சொல்லைக் கவனிக்க வேண்டும். படிகளைச் சேர்த்து 2,500 திர்ஹம் வாங்கும் ஒரு விற்பனையாளரின் ஒப்பந்தத்தில் அடிப்படைச் சம்பளம் 1,500 என்று இருந்தால், அவர் பெறுவது மாதம் 900 திர்ஹம்தான். தொடர்ந்து பன்னிரண்டு மாதங்கள் சந்தா கட்டியிருக்க வேண்டும். தானாக விலகியவருக்கும் ஒழுங்கு நடவடிக்கையில் நீக்கப்பட்டவருக்கும் இது கிடையாது. விண்ணப்பத்தை வேலை முடிந்த 30 நாட்களுக்குள் அளிக்க வேண்டும்.