இரண்டு பட்டியல்களுக்கு வெளியே: பலெர்மோவில் காலா-அசார் கணக்கு

1903இல் சென்னை அரசுப் பொது மருத்துவமனையில் சார்லஸ் டொனோவன், உயிரோடிருந்த ஒரு நோயாளியின் மண்ணீரலிலிருந்து எடுத்த மாதிரியில் உள்ளுறுப்புகளைத் தாக்கும் லீஷ்மேனியா நோயான காலா-அசாரின் ஒட்டுண்ணியைக் கண்டார். அதன் நெருங்கிய இனமான லீஷ்மேனியா இன்ஃபான்டம், மத்தியதரைக் கடலோர நாடுகளில் நாய்களிடம் தங்கி, மணல் ஈயின் வழியாக மனிதரைத் தொற்றுகிறது. 1915இல் இத்தாலியின் பலெர்மோ நகரைச் சேர்ந்த ஜொவான்னி டி கிறிஸ்டினாவும் ஜுசெப்பே கரோனியாவும் இந்நோய் கண்ட குழந்தைகளுக்கு ஆன்டிமனி மருந்தைக் கொடுத்துப் பலன் கண்டனர். நகரின் குழந்தைகள் மருத்துவமனை இன்றும் டி கிறிஸ்டினாவின் பெயரைத் தாங்கி நிற்கிறது. லீஷ்மேனியா நோய்களுக்கான இத்தாலியின் தேசிய ஆதார மையமும் இந்நகரில்தான் இருக்கிறது. நோயை இவ்வளவு நன்கறிந்த ஊரிலேயே நோயாளிகள் கணக்கிலிருந்து விடுபடுகிறார்கள் என்றால், அறியாமையை மட்டும் காரணம் சொல்ல முடியாது.

இத்தாலியின் 1990ஆம் ஆண்டு அமைச்சக ஆணை, காலா-அசாரை இரண்டாம் வகுப்பு நோய்களில் சேர்த்தது. சந்தேகம் எழுந்த 48 மணி நேரத்துக்குள் மருத்துவர் உள்ளூர் சுகாதார அமைப்புக்குத் தெரிவிக்க வேண்டும் என்று அந்த ஆணை விதித்தது. இந்த அறிவிப்பால் மருத்துவமனைக்கு வருமானம் ஏதுமில்லை. நோயாளி வீடு திரும்பும்போது நிரப்பும் டிஸ்சார்ஜ் படிவம் அப்படியல்ல, சிகிச்சைக்கான பணம் அதை வைத்தே வருகிறது. ஆகவே முதலாவது விடுபடும். இரண்டாவது பெரும்பாலும் விடுபடாது.

இரண்டு பட்டியல்களையும் ஒப்பிட்டு இரண்டிலும் இல்லாதவர்களை மதிப்பிடும் முறைக்கு இந்திய வேர் உண்டு. கல்கத்தாவுக்கு அருகே சிங்கூரில் பதிவாளரின் பிறப்பு, இறப்புப் பட்டியலையும் வீடுவீடாகச் சென்று எடுத்த பட்டியலையும் ஒப்பிட்டு, சி. சந்திரசேகரும் எட்வர்ட்ஸ் டெமிங்கும் 1949இல் அதை வெளியிட்டனர். ஒரு கற்பனைக் கணக்கைப் பார்ப்போம். அறிவிப்பில் 40 பேர், டிஸ்சார்ஜில் 50 பேர், இரண்டிலும் 32 பேர். கையில் இருக்கும் பெயர்கள் 58. சூத்திரப்படி (40 × 50 ÷ 32) மொத்தம் ஏறத்தாழ 62. கண்ணில் படாதவர்கள் நான்கைந்து பேர் மட்டுமே.

இந்த நிம்மதியைத்தான் நான் ஏற்க மறுக்கிறேன். ஒரு பட்டியலில் இடம்பெறுவது மற்றதில் இடம்பெறுவதைப் பாதிக்காது என்ற நிபந்தனையின் மேல் நிற்கிறது சூத்திரம். சிங்கூரின் பதிவாளரும் வீடு வீடாகச் சென்றவர்களும் வேறு வேறு ஆட்கள். பலெர்மோவில் இரண்டு தாள்களும் பெரும்பாலும் ஒரே வார்டில், ஒரே நோயறிதலின் பேரில் எழுதப்படுகின்றன. நீண்ட காய்ச்சல், வீங்கிய மண்ணீரல், குறைந்த இரத்த அணுக்கள் ஆகியவற்றோடு வரும் முதியவருக்கு இரத்தப் புற்றுநோய் என்று முடிவு கட்டிவிட்டால் அவர் இரண்டு தாள்களிலும் ஒருசேரக் காணாமல் போகிறார். ஒன்றில் இருப்பவர் மற்றதிலும் இருக்கும் வாய்ப்பு விகிதம் (odds ratio) 4 என்று வைத்தால், மேற்கண்ட அதே எண்கள் 76 என்ற மொத்தத்தைத் தருகின்றன. 62ஆ 76ஆ என்பதை அந்த இரண்டு பட்டியல்களால் ஒருபோதும் தீர்க்க முடியாது.

எதிர்த் திசையிலும் பிழை வரும் என்பதை மறைக்கக் கூடாது. பெயர்கள் சரியாகப் பொருத்தப்படாவிட்டால் பொதுவானவர்கள் குறைந்து மதிப்பீடு ஊதிப்போகும். சந்தேகத்தை நோயாகவே குறித்துவிடும் டிஸ்சார்ஜ் குறியீடும் அதைத்தான் செய்யும். ஆனால் இவை பழைய கேஸ் தாள்களைப் புரட்டிப் பார்த்தால் திருத்தக்கூடியவை. இரண்டு பட்டியல்களுக்கு இடையிலான சார்பு அப்படித் திருந்தாது.

வேறோர் ஊரின் பெருக்கு எண்ணைக் கடன் வாங்குவதும் வழியல்ல. பீகாரில் உண்மை எண்ணிக்கை பதிவானதைப் போல எட்டு மடங்கு என்று 2006இல் ஓர் ஆய்வும், நான்கு மடங்குக்குச் சற்று மேல் என்று 2010இல் இன்னோர் ஆய்வும் கண்டன. ஒரே மாநிலத்துக்குள் இவ்வளவு வேறுபாடு! அங்கே தனியார் மருத்துவர்களிடம் போனவர்கள் அரசின் ஏட்டுக்கு வரவில்லை. விடுபட்டதற்கான அந்தக் காரணம் பலெர்மோ இருக்கும் சிசிலிக்கு அப்படியே பொருந்தாது.

சந்திரசேகரும் டெமிங்கும் சொன்ன பரிகாரம் இன்றும் உதவும்: மக்களை ஒத்த குழுக்களாகப் பிரித்துத் தனித்தனியே கணக்கிடுவது. பலெர்மோவில் குழந்தைகள், எச்ஐவி தொற்றுள்ளோர், முதியோர் என்று பிரிக்கலாம். புலம்பெயர்ந்தோரைத் தனியாகப் பார்க்க வேண்டியதற்கு நமக்கு நெருக்கமான காரணம் ஒன்றும் இருக்கிறது. இந்நகரில் ஈழத் தமிழர் கணிசமாக வாழ்கின்றனர். இலங்கையில், டொனோவன் கண்ட அதே ஒட்டுண்ணியான லீஷ்மேனியா டொனோவனி பெரும்பாலும் தோல் புண்ணாகவே வெளிப்படுகிறது. ஊருக்குப் போய்த் திரும்பிய ஒருவர் அந்தப் புண்ணோடு தோல் மருத்துவரின் புறநோயாளர் அறைக்குப் போனால் டிஸ்சார்ஜ் படிவமே உருவாகாது. இவர்களுக்கு இந்த இரட்டைப் பட்டியல் முறை தொடக்கத்திலேயே பயனற்றது.

ஆகவே ஆய்வகத்தில் உறுதியானவர்களின் பட்டியலை மூன்றாவதாகச் சேர்க்க வேண்டும். மூன்று இருந்தால் இரண்டிரண்டுக்கு இடையிலான சார்பைப் புள்ளியியல் மாதிரியில் அளக்கலாம். இந்நோய்க்குத் தரப்படும் லிப்போசோம் ஆம்ஃபோடெரிசின்-பி மருந்து வழங்கிய பதிவையும் பயன்படுத்தலாம். ஆனால் அது பூஞ்சைத் தொற்றுக்கும் தரப்படுவதால் ஒவ்வொரு பெயரையும் சரிபார்த்தாக வேண்டும். மூன்றுக்கும் பொதுவான சார்பை இந்த மாதிரியாலும் அளக்க முடியாது. யாருமே பரிசோதனைக்கு அனுப்பாத நோயாளி அங்கும் இல்லை. எனவே வெளியாகும் மதிப்பீட்டைக் 'குறைந்தது இத்தனை பேர்' என்றே அச்சிட வேண்டும், ஒவ்வொரு குழுவுக்கும் தனியாக, எந்தச் சார்பை அனுமானித்தோம் என்ற விவரத்தோடு.