பதிவேட்டில் இடம்பெறாத கொப்பரை: நாப்லஸ் சோப்பும் பெண்களும்

வேதியியலில் வழங்கும் ‘ஆல்கலி’ என்ற சொல் ‘அல்-கிலி’ என்ற அரபுச் சொல்லிலிருந்து பிறந்தது. உவர்நிலச் செடிகளை எரித்தெடுத்த சாம்பலை அச்சொல் குறிக்கும். பாலஸ்தீனத்தின் நாப்லஸ் நகரத்துச் சோப்புத் தொழில் நெடுங்காலம் இச்சாம்பலை நம்பியே நடந்தது. ஜோர்டான் ஆற்றுக்குக் கிழக்கே வாழ்ந்த பதூயின் குடிகள் அதை ஒட்டகங்களில் கொண்டுவந்தனர். சாம்பலோடு சுண்ணாம்பு சேர்த்து வடித்த காரநீர், செப்புக் கொப்பரையில் கொதிக்கும் ஆலிவ் எண்ணெயில் பல நாட்கள் சிறிது சிறிதாகக் கலக்கப்பட்டது. வெந்த குழம்பைத் தரையில் பரப்பி, கோடிட்டு வெட்டி, குடும்ப முத்திரை பதித்து, காற்று ஊடாடும் கூம்புக் கோபுரங்களாக அடுக்கி மாதக்கணக்கில் உலர்த்தினர்.

இத்தொழிற்கூடத்தின் பெயர் ‘மஸ்பனா’. அரபு இலக்கணப்படி அது பெண்பாற் சொல். அங்கே உழைத்தவரைக் குறிக்கும் ‘ஸப்பான்’ ஆண்பாற் சொல். நாப்லஸ் சோப்பைப் பற்றி எழுதப்பட்ட வரலாறு பெரும்பாலும் இந்த ஆண்பாற் சொல்லையே பின்பற்றியிருக்கிறது.

அதற்குக் காரணம் சான்றுகளின் இயல்பு. 1700 முதல் 1900 வரையிலான நாப்லஸ் மலைநாட்டைப் பற்றி பெஷாரா தௌமானி 1995இல் வெளியிட்ட நூல், ஷரியா நீதிமன்றப் பதிவேடுகளையும் குடும்ப ஆவணங்களையும் அடித்தளமாகக் கொண்டது. ஒரு முறை கொப்பரை ஏற்றவே டன் கணக்கில் எண்ணெய் வேண்டும். எனவே சோப்பு என்பது பெருமுதலின் தொழில். வணிகர்கள் உழவர்களுக்கு முன்பணம் தந்து அறுவடைக்கு முன்பே எண்ணெயை விலைபேசினர். கடன், கூட்டு, வழக்கு ஆகியவை பதிவேட்டில் ஏறின. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் நகரில் ஏறத்தாழ 30 மஸ்பனாக்கள் இருந்தன.

உடைமையாளராகப் பெண்கள் தோன்றும் வாய்ப்பும் குறுகியது. இஸ்லாமிய வாரிசுரிமைப்படி மகளுக்குப் பங்குண்டு. ஆயினும் குடும்ப வக்ஃபு அமைத்த நாப்லஸ் குடும்பங்கள் மகள்வழியினரை விலக்கும் போக்குடையவை என்பதையும், லெபனானின் திரிப்போலியில் நிலைமை வேறாக இருந்தது என்பதையும் தௌமானியின் 2017ஆம் ஆண்டு நூல் ஒப்பிட்டுக் காட்டுகிறது.

ஆனால் சோப்பு மஸ்பனாவில் மட்டும் பிறக்கவில்லை. அக்டோபர், நவம்பர் மாதங்களில் புது எண்ணெய் வீடு சேரும்போது, சாடியில் மிஞ்சிய சென்ற ஆண்டின் எண்ணெய் சமையலுக்குச் சுவை குன்றியிருக்கும். அடியில் தங்கிய மண்டியும் இருக்கும். கிராமத்துப் பெண்கள் அதைக் கொண்டு வீட்டிலேயே சோப்புச் செய்தனர். விற்பனை இல்லை, ஆகவே ஒப்பந்தமும் இல்லை. வழக்கு எழாததால் பதிவும் இல்லை.

19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஐரோப்பியக் காஸ்டிக் சோடா சந்தைக்கு வந்தது. பதூயின் சாம்பல் வணிகத்தை அது நலியச் செய்தது. அதே பொருள் வீட்டுச் சோப்பை எளிதாக்கியது. சாம்பலும் சுண்ணாம்பும் கொதிகொப்பரையும் இல்லாமல், ஒரு பாத்திரத்திலும் ஒரு மரத்துடுப்பிலும் வேலை முடிந்தது. எளிமை என்பது திறனின்மை அன்று. ஒரு கிலோ ஆலிவ் எண்ணெய் முழுவதும் சோப்பாக ஏறத்தாழ 134 கிராம் காஸ்டிக் சோடா தேவை. கூடினால் சோப்பு தோலை அரிக்கும். குறைந்தால் எண்ணெய் மிஞ்சிப் பிசுபிசுக்கும். பழைய எண்ணெயில் அமிலத்தன்மை ஏறியிருப்பதால் கலவை விரைவில் கெட்டிப்படும். எப்போது கிளறலை நிறுத்தித் தட்டில் ஊற்றுவது என்பதைக் கண்ணும் கையும்தான் சொல்ல வேண்டும். தாயிடமிருந்து மகளுக்கும், மாமியாரிடமிருந்து மருமகளுக்கும் கைமாறிய அறிவு இது.

மஸ்பனாக்களின் காலம் வேறு விதமாகக் கழிந்தது. 1927 ஜூலை நிலநடுக்கம் நகரைச் சிதைத்தது. மலிவான ஆலைச் சோப்பு சந்தையைப் பிடித்தது. 2002 ஏப்ரலில் இஸ்ரேலியப் படையெடுப்பின்போது பழைய நகரின் மஸ்பனாக்கள் சில இடிந்தன. இன்று இயங்குபவை மிகச் சிலவே. வீட்டுச் சோப்பு நிற்கவில்லை. மேற்குக் கரைக் கிராமங்களில் மகளிர் கூட்டுறவுகள் அதே வீட்டு முறையை விற்பனைக்குக் கொண்டுவந்துள்ளன.

2024 டிசம்பரில் யுனெஸ்கோ நாப்லஸ் சோப்புத் தயாரிப்பு மரபைத் தன் மானுடப் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்தது. வீட்டில் செய்யும் வழக்கத்தையும், ஆண்களும் பெண்களும் சமமாகப் பங்கேற்பதையும் அக்குறிப்பு முன்வைக்கிறது. இது வரவேற்கத்தக்கது. எனினும் ‘சமம்’ என்ற சொல் ஒரு வரலாற்றை மறைத்துவிடக்கூடும். மஸ்பனாவில் ஊதியமும் முத்திரையும் ஆணுக்குரியவையாக இருந்தன. வீட்டில் முத்திரையற்ற உழைப்பு பெண்ணுடையதாக இருந்தது. மரபு காக்கப்பட்டது என்னும்போது, எந்த மரபு, யாரால் என்ற வினாவும் உடன் எழ வேண்டும்.

அவ்வினாவுக்கு விடை காணும் காலமும் சுருங்கிவருகிறது. வீட்டுச் சோப்பு மிகுதி எண்ணெயின் பிள்ளை. 2023 அறுவடைக் காலத்தில் மேற்குக் கரை உழவர்கள் பலர் தம் தோப்புகளுக்குள் செல்ல இயலவில்லை. உண்ணவே எண்ணெய் போதாத வீட்டில் சோப்புக்கென்று மிஞ்சுவது எதுவுமில்லை. பதிவேடுகள் ஆவணக்காப்பகத்தில் காத்திருக்கும். காஸ்டிக் சோடாவின் அளவைக் கைப்பிடியால் அறிந்த மூதாட்டியரின் நினைவு அப்படிக் காத்திராது. வாய்மொழி வரலாற்றாய்வு முதலில் சென்று தட்ட வேண்டியவை அவர்களின் வீட்டுக் கதவுகளே.