ஊசி ஒத்துக்கலையா, மாரடைப்பா?



எங்கள் புவனகிரிப் பக்கம் யாராவது ஊசி போட்ட கொஞ்ச நேரத்தில் இறந்துவிட்டால், டீக்கடையில் இரண்டு கட்சி உண்டாகும். "ஊசி ஒத்துக்கலை" என்பார் ஒருவர். "அதெல்லாம் இல்ல, ஹார்ட் அட்டாக்" என்பார் இன்னொருவர். இரண்டும் ஒன்றாகவே இருக்கலாம். மருத்துவ உலகமே இதைப் பெயர் வைத்துப் பேச வெகுகாலம் ஆனது.

1901ல் மொனாக்கோ இளவரசரின் கப்பலில் கடல் உயிரிகளின் நஞ்சை ஆராயத் தொடங்கினார்கள் ஷார்ல் ரிஷே, போல் போர்ட்டியே என்ற இரு பிரெஞ்சுக்காரர்கள். பிறகு பாரிஸில் நெப்டியூன் என்ற நாய்க்கு அப்படி ஒரு நஞ்சை ஊசியில் ஏற்றினார்கள். முதல் முறை தாங்கியது. சில வாரம் கழித்து மறுபடி போட்டதும் அரை மணிக்குள் செத்தது. இந்தக் கடும் ஒவ்வாமைக்கு 1902ல் 'அனஃபிலாக்சிஸ்' என்று பெயரிட்டார்கள். 1913ல் நோபல் பரிசு ரிஷேவுக்கு மட்டும் கிடைத்தது. போர்ட்டியே பாவம்!

பென்சிலின் புழக்கத்துக்கு வந்த பிறகு, 1950ல், பென்சிலின் ஒவ்வாமையோடு மாரடைப்பும் வந்த ஒரு நோயாளியைப் பற்றி அமெரிக்க மருத்துவர்கள் எழுதினார்கள். ஆனால் 1991ல்தான் கிரேக்க மருத்துவர் நிக்கோலஸ் கூனிஸ், சாவ்ராஸ் என்பவருடன் சேர்ந்து இதைத் தெளிவாக விளக்கினார். இன்று அது 'கூனிஸ் சிண்ட்ரோம்'.

நடப்பது இதுதான். இதயத்திலும் மாஸ்ட் செல்கள் உண்டு. ஒவ்வாத மருந்து உடம்பில் சேர்ந்ததும் அவை ஹிஸ்டமின் முதலானவற்றைக் கொட்டுகின்றன. இதய ரத்தக்குழாய் சுருங்கிக்கொள்கிறது. அடைப்பே இல்லாத இளவயதுக்காரருக்கும் இது வரலாம். ஏற்கெனவே கொழுப்புப் படிந்திருந்தால் அது வெடித்து ரத்தம் உறையும். ஸ்டென்ட் வைத்திருந்தால் அதற்குள்ளேயே உறையும்.

டாக்டருக்கும் தர்மசங்கடம். ஒவ்வாமைக்கு உயிர்காக்கும் அட்ரினலின், இதயத்துக்குச் சுமை. மாரடைப்புக்குத் தரும் ஆஸ்பிரினே சிலருக்கு ஒவ்வாத மருந்தாக இருக்கும்.

அந்தக் காலத்தில் முன்கையில் துளி மருந்தைப் போட்டு, பேனாவால் வட்டம் போடுவார்கள், ஞாபகமிருக்கிறதா? அந்த டெஸ்ட் டோஸ் சரியாக இருந்தாலும் முழு உத்தரவாதம் இல்லை. நோயாளி வாய் திறந்து சொல்வதும் முக்கியம். நம் ஆட்கள் சொல்வதோ, "ஒரு வெள்ளை மாத்திரை எனக்கு ஒத்துக்காது சார்!" வெள்ளையில் எது என்று டாக்டர் எப்படிக் கண்டுபிடிப்பார்?

மருந்தால் வரும் பாதிப்பைப் பதிவு செய்ய 2010 முதல் இந்திய அரசின் திட்டமே இருக்கிறது. கட்டணமில்லா எண் 1800-180-3024. ஒத்துக்காத மருந்தின் பெயரைத் தெளிவான எழுத்தில் ஒரு சீட்டில் எழுதி நான் மணிபர்ஸில் வைத்திருக்கிறேன், ஆதார் அட்டைக்கு முன்னால்.