மேசைக்கு வராத அறிக்கைகள்: வெண்மணியும் நாடாளுமன்றப் பொறுப்புடைமையும்

பட்டியல் சாதியினர், பட்டியல் பழங்குடியினர் நலனுக்கான நாடாளுமன்றக் குழு முதன்முதலாக அமைக்கப்பட்ட நாள் 1968 டிசம்பர் 18. ஏழு நாள் கழித்து, டிசம்பர் 25 இரவில், அன்றைய ஒன்றுபட்ட தஞ்சை மாவட்டத்தின் கீழ்வெண்மணியில் 44 தலித்துகள் ஒரு குடிசைக்குள் எரித்துக் கொல்லப்பட்டனர். பெரும்பாலோர் பெண்களும் குழந்தைகளும். இவ்விரு தேதிகளும் அருகருகே அமைந்தது தற்செயல்தான். ஆயினும் வயல்வெளியில் நிகழும் வன்கொடுமைக்கு டெல்லியில் யார், எந்த முறையில் பதில் சொல்கிறார்கள் என்ற கேள்வியைத் தொடங்க இதைவிடப் பொருத்தமான இடம் இல்லை.

வெண்மணிக்குப் பின் நடந்தவற்றை நாம் பெரும்பாலும் நீதிமன்ற வரலாறாகவே படிக்கிறோம். கீழமை நீதிமன்றம் தண்டித்த மிராசுதார்களை 1973இல் சென்னை உயர் நீதிமன்றம் விடுதலை செய்தது. வசதி படைத்த நிலவுடைமையாளர்கள் தாங்களே நேரில் சென்று தீ வைத்திருப்பார்கள் என நம்புவது கடினம் என்ற அத்தீர்ப்பின் வாதம் இன்றும் சட்டக் கல்லூரி வகுப்புகளில் விவாதிக்கப்படுகிறது. மாநில அரசு தன் பங்குக்குக் கணபதியா பிள்ளை ஆணையத்தை அமைத்தது. அதன் தொடர்ச்சியாக 1969இல் கீழத்தஞ்சைக்கான விவசாயத் தொழிலாளர் நியாயக் கூலிச் சட்டம் வந்தது. அரைப்படி நெல் கூடுதலாகக் கேட்ட மக்களுக்கு, அவர்களுள் 44 பேர் மாண்ட பிறகு, கூலி சட்டமாயிற்று.

கொன்றவர் யார் என்பதைக் குற்றவியல் நீதிமன்றம் விசாரிக்கும். அரசு தன் கடமையைச் செய்ததா என்று கேட்பது அவையின் வேலை. அமைச்சரவை மக்களவைக்குக் கூட்டாகப் பொறுப்புடையது என்று அரசமைப்பின் 75(3) கூறுவதன் பொருள் ஆட்சியைக் கவிழ்க்கும் வாக்கெடுப்போடு முடிந்துவிடுவதில்லை. நாள்தோறும் கேட்கப்படும் வினா, மேசையில் வைக்கப்படும் அறிக்கை, குழுவின் விசாரணை ஆகிய சிறு கருவிகளில்தான் அது உயிரோடு இருக்கிறது.

அக்கருவி வேலை செய்த வரலாறும் உண்டு. கொள்ளிடத்துக்கு வடகரையில், காட்டுமன்னார்கோவில் பகுதியைச் சேர்ந்தவர் எல். இளையபெருமாள். நாடாளுமன்ற உறுப்பினராக இருந்த அவருடைய தலைமையில் 1965இல் ஒன்றிய அரசு தீண்டாமை பற்றிய குழுவை அமைத்தது. 1969இல் அது அறிக்கை அளித்தது. 1955ஆம் ஆண்டின் தீண்டாமைக் குற்றங்கள் சட்டம் எவ்வளவு பலவீனமானது என்பதை அக்குழு அம்பலப்படுத்தியது. அதன் பின் 1972இல் திருத்த மசோதா வந்து, இரு அவைகளின் கூட்டுக் குழுவால் ஆராயப்பட்டு, 1976இல் குடியுரிமைப் பாதுகாப்புச் சட்டமாக உருவெடுத்தது. தாமதம்தான். ஆனால் ஒவ்வொரு படியும் அவையின் வழியாக நடந்தது. அதற்கான பதிவும் இருக்கிறது. வெண்மணியை நினைவுகூரும் மேடைகளில் இளையபெருமாளின் பெயர் போதிய அளவு ஒலிப்பதில்லை என்பது என் நெடுநாள் குறை.

1976ஆம் ஆண்டுத் திருத்தம் கொண்டுவந்த ஒரு சிறிய பிரிவைச் செயற்பாட்டாளர்கள் அதிகம் கவனிப்பதில்லை. சட்டத்தைச் செயல்படுத்த எடுத்த நடவடிக்கைகள் பற்றி ஒன்றிய அரசு ஆண்டுதோறும் இரு அவைகளின் மேசையிலும் அறிக்கை வைக்கவேண்டும் என்கிறது பிரிவு 15ஏ(4). வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் 1989 இதே கடமையைப் பிரிவு 21(4)இல் விதிக்கிறது. ஒன்றிய அரசு, மாநில அரசுகள் ஆகிய இரு தரப்பின் நடவடிக்கைகளும் அதில் இடம்பெற வேண்டும். மூன்றாவது கடமை அரசமைப்பிலேயே உள்ளது. தேசியப் பட்டியல் சாதிகள் ஆணையம் குடியரசுத் தலைவரிடம் அளிக்கும் அறிக்கைகள், ஒவ்வொரு பரிந்துரை மீதும் எடுத்த நடவடிக்கையையும், ஏற்காதவற்றுக்கான காரணங்களையும் விளக்கும் குறிப்புடன் இரு அவைகளிலும் வைக்கப்பட வேண்டும் என்கிறது 338(6). மாநிலம் சார்ந்த பகுதிகள் சட்டமன்றத்திலும் வைக்கப்பட வேண்டும், அது 338(7).

எப்போது வைக்க வேண்டும்? உறுப்பு 338 இதற்குக் காலக்கெடு எதையும் விதிக்கவில்லை. விசாரணை ஆணையங்கள் சட்டம் 1952ஐ இதனோடு ஒப்பிட்டுப் பாருங்கள். அதன் பிரிவு 3(4)இன்படி, ஆணையத்தின் அறிக்கையை நடவடிக்கைக் குறிப்போடு ஆறு மாதத்துக்குள் அவையில் வைத்தாக வேண்டும். ஒரு சாதாரணச் சட்டத்தின் கீழ் அமையும் தற்காலிக ஆணையத்துக்குக் கெடு உண்டு. அரசமைப்பின் கீழ் இயங்கும் நிரந்தர ஆணையத்துக்குக் கெடு இல்லை. ஆணையத்தின் அறிக்கைகள் ஆண்டுகள் கழிந்து அவைக்கு வந்ததற்கும், பரிந்துரைகள் வரும்போதே பழையனவாகிப் போனதற்கும் இந்த இடைவெளியே வாசல். 338(6)இல் 'ஆறு மாதத்துக்குள்' என்ற சொற்களைச் சேர்க்கும் திருத்தம் பெரும் செலவையோ புதிய அலுவலகத்தையோ கோருவதன்று. நாடாளுமன்றச் சீர்திருத்தம் என்றதும் உறுப்பினர் எண்ணிக்கையையும் புதிய கட்டடத்தையும் பேசுவோர் இதைப் பேசுவதில்லை.

இனி, மேசைக்கு வரும் அறிக்கைக்குள் என்ன இருக்கும் என்பதற்கு வருவோம். வன்கொடுமைத் தடுப்பு விதிகள் 1995இன் விதி 17, மாவட்ட ஆட்சியர் தலைமையில் விழிப்புணர்வு மற்றும் கண்காணிப்புக் குழு ஒன்றை அமைத்து, மூன்று மாதத்துக்கு ஒருமுறையேனும் கூட்டச் சொல்கிறது. விதி 16இன்படி முதலமைச்சர் தலைமையிலான மாநிலக் குழு ஜனவரியிலும் ஜூலையிலும் கூட வேண்டும். விதி 18இன்படி மாநில அரசு ஆண்டறிக்கைக்கான விவரங்களை ஒன்றிய அரசுக்கு அனுப்ப வேண்டும். அதாவது தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம், மயிலாடுதுறை ஆட்சியர் அலுவலகங்களில் எழுதப்படும் கூட்ட நடவடிக்கைக் குறிப்புதான் டெல்லி அறிக்கையின் கரு. இங்கே கூட்டம் நடக்காவிட்டால், அல்லது தேநீரோடு கையொப்பம் வாங்கி முடிந்துவிட்டால், பிரிவு 21(4)இன் அறிக்கை வெறும் எண்களின் அட்டவணையாகிறது: பதிவான வழக்குகள் இத்தனை, வழங்கிய தீருதவி இத்தனை. எந்த ஊரில் சுடுகாட்டுப் பாதை மறிக்கப்பட்டது, எந்த வழக்கில் எதிர்வழக்குப் போட்டுச் சமரசம் பேசினார்கள் என்பதற்கு அதில் இடமில்லை.

இந்த நீண்ட சங்கிலியின் இரு முனைகளிலும் உட்காரும் ஒரே மனிதர் நாடாளுமன்ற உறுப்பினர். விதி 17இன்படி அவர் மாவட்டக் குழுவின் உறுப்பினர். டெல்லியில் அறிக்கை வைக்கப்படும் அவையிலும் அவர் உறுப்பினர். தனித்தொகுதி உறுப்பினருக்கு மட்டும் உரிய கடமையன்று இது. தஞ்சாவூரும் மயிலாடுதுறையும் பொதுத் தொகுதிகள். அவற்றின் உறுப்பினர்களுக்கும் அதே இருக்கை உண்டு. சாதி வன்கொடுமையைத் தனித்தொகுதி உறுப்பினரின் 'இலாகா'வாக ஒதுக்கிவைக்கும் பழக்கம் சட்டத்தில் இல்லாதது, நாமாக வளர்த்துக்கொண்டது.

தமிழ்நாட்டின் 39 மக்களவைத் தொகுதிகளில் 7 தனித்தொகுதிகள்; டெல்டாவில் நாகப்பட்டினம். அத்தொகுதியின் உறுப்பினராக இருந்தபோதே 1979இல் கொல்லப்பட்ட எஸ். ஜி. முருகையன், விவசாயத் தொழிலாளர் இயக்கத்திலிருந்து அவைக்குச் சென்றவர். இயக்கம் அனுப்பிய உறுப்பினருக்கும் கட்சித் தலைமை அனுப்பிய உறுப்பினருக்கும் உள்ள வேறுபாட்டை இங்குள்ள முதியவர்கள் இன்றும் சொல்வார்கள். 1932 பூனா ஒப்பந்தத்துக்குப் பின் அமைந்த கூட்டு வாக்காளர் முறையில், பட்டியல் சாதி உறுப்பினர் பிற சாதியினரின் வாக்கைச் சார்ந்தே வெல்கிறார். அதன் மேல் 1985இன் 52ஆம் திருத்தம் கட்சிக் கொறடாவின் கட்டளையையும் ஏற்றியது. வாக்கெடுப்பில் அவர் கை கட்டப்பட்டிருக்கலாம். ஆனால் வினா எழுப்புவதற்குக் கொறடாவின் அனுமதி தேவையில்லை.

வினாக்களின் ஆற்றலுக்கும் வரம்புக்கும் ஓர் எடுத்துக்காட்டு. 2021 ஜூலையில் மாநிலங்களவையில், கையால் மலம் அள்ளும் தொழிலால் மரணம் எதுவும் பதிவாகவில்லை என்று சமூக நீதித் துறை இணை அமைச்சர் பதிலளித்தார். பாதாளச் சாக்கடையிலும் கழிவுநீர்த் தொட்டியிலும் இறங்கி மாண்டவர்களின் எண்ணிக்கையை அதே அமைச்சகமே அதற்கு முன் அவையில் தந்திருந்தது. 2013ஆம் ஆண்டுச் சட்டம் 'கையால் மலம் அள்ளுபவர்' என்பதையும் 'அபாயகரமான தூய்மைப் பணி' என்பதையும் தனித்தனியே வரையறுக்கிறது. அந்த இடுக்கில் மரணங்கள் மறைந்தன. வினாவின் சொற்களை வழக்கறிஞரின் கண்ணோடு எழுதவேண்டும் என்பதே இதில் எனக்குத் தெரியும் பாடம். 'தகவல் திரட்டப்பட்டு வருகிறது' என்று அமைச்சர் சொன்னால் அது பெரும்பாலும் உறுதிமொழியாகக் கொள்ளப்பட்டு, அரசு உறுதிமொழிகள் குழுவின் கணக்கில் ஏறும். மூன்று மாதத்தில் நிறைவேற்ற வேண்டும். 1953 முதல் மக்களவையில் இக்குழு உண்டு.

ஆனால் கருவிகள் தேய்ந்துவருகின்றன. பி.ஆர்.எஸ். ஆய்வு நிறுவனத்தின் கணக்கின்படி, 15ஆம் மக்களவையில் 71 விழுக்காடு மசோதாக்கள் குழுக்களின் ஆய்வுக்குச் சென்றன. 17ஆம் மக்களவையில் 16 விழுக்காடு. அந்த ஐந்தாண்டும் துணைச் சபாநாயகரே இல்லை. 2020 மழைக்காலக் கூட்டத்தொடரில் வினா நேரம் நீக்கப்பட்டு, எழுத்துவழிப் பதில்கள் மட்டும் எஞ்சின. 2023 டிசம்பரில் 146 உறுப்பினர்கள் இடைநீக்கம் செய்யப்பட்டிருந்த நாட்களில் மூன்று புதிய குற்றவியல் சட்டங்களும் நிறைவேறின. அவை நிலைக்குழுவுக்குச் சென்று வந்தவைதான் என்பதையும் சொல்லவேண்டும். இருப்பினும் இறுதி விவாதம் நடந்தபோது எதிர்வரிசை பெரும்பாலும் காலியாக இருந்தது.

இதன் விளைவு நம் காவல் நிலையங்களில் தெரிகிறது. பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் பிரிவு 173(3), மூன்றாண்டுக்குக் குறையாத, ஏழாண்டுக்குக் குறைந்த தண்டனைக்குரிய குற்றங்களில், துணைக் கண்காணிப்பாளரின் முன்னனுமதியோடு 14 நாள் முதற்கட்ட விசாரணைக்கு இடமளிக்கிறது. வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் பிரிவு 3(1) குற்றங்களுக்கு உச்சத் தண்டனை ஐந்தாண்டு. இவை அந்த வரம்புக்குள் விழுகின்றன. ஆனால் 2018இல் நாடாளுமன்றமே சேர்த்த பிரிவு 18ஏ, முதல் தகவல் அறிக்கை பதிய முதற்கட்ட விசாரணை தேவையில்லை என்கிறது. பிரிவு 20 இச்சட்டத்துக்கு மேலாதிக்கம் தருகிறது. சட்டப்படி விடை தெளிவு: 173(3) இங்கே செல்லாது. அமைச்சரின் வாயால் அவைப் பதிவில் இவ்வொரு வரி ஏறியிருந்தால், புகாரோடு நிலையத்தில் நிற்கும் பெண்ணுக்கு அது கைக்கொள்ளும் ஆவணமாகியிருக்கும்.

இப்போதும் செய்யக்கூடியவை உண்டு. ஆட்சியர் அலுவலகத்தில் கடந்த நான்கு காலாண்டுகளின் விதி 17 கூட்டக் குறிப்புகளையும் வருகைப் பதிவையும் தகவல் உரிமைச் சட்டத்தில் கேளுங்கள். உங்கள் நாடாளுமன்ற உறுப்பினர் வந்தாரா என்பது அதில் தெரியும். சமூக நீதி அமைச்சகத்திடம், பிரிவு 21(4) அறிக்கைகள் ஒவ்வொன்றும் அவையில் வைக்கப்பட்ட தேதியைக் கேளுங்கள். தாமதம் தெரிந்தால், மேசையில் வைக்கப்படும் ஆவணங்களை ஆராயும் குழு ஒன்று மக்களவையில் இருக்கிறது, அதற்கு எழுதலாம். மக்களவைக்கு மனு அளிக்க உறுப்பினர் ஒருவரின் மேலொப்பம் வேண்டும். வினாவுக்கு உறுப்பினர் குறைந்தது 15 நாள் முன்னறிவிப்பு தரவேண்டும் என்பதால், கூட்டத்தொடர் அறிவிக்கப்பட்ட வாரத்திலேயே வரைவு வினா அவர் கையில் இருக்க வேண்டும். 173(3) பற்றிய வினாவை உள்துறைக்கும், அறிக்கைத் தேதி பற்றியதைச் சமூக நீதித் துறைக்கும் எனத் தனித்தனியே எழுதுங்கள். இரண்டையும் ஒன்றாகக் கோத்தால், தன் துறை சாராதது என ஒவ்வொரு அமைச்சகமும் மற்றதைக் கைகாட்டிவிடும்.